எங்க பவுண்டரி தோசைக்கல்லு வித்து பொழைக்கல

ரெண்டு வாரமா போனை தொறந்தாலே வார்ப்பிரும்பு தோசைக்கல் விளம்பரம்தான், பாட்டி காலத்து பாரம்பரியம்னு சொல்லி ஆயிரத்து சொச்சம் வெல. கூட படிச்சவன் ஒருத்தன் அதுல ஒன்னு வாங்கிட்டு எனக்கு போன் போட்டு, இன்னாடா உங்க வீட்டு தொழிலாச்சே, இப்ப நடத்திகினு இருந்தா கோடீஸ்வரன் ஆயிருப்பியேன்னான். அவனுக்கு போன்ல சொல்லி முடியல, அதான் இங்க எழுதறேன்.

காட்பாடி பக்கம் எங்க தாத்தா வெச்சிருந்தது இரும்பை உருக்கி வார்க்கற சின்ன பவுண்டரி. இரும்பு உருக்கற உலை, குப்போலான்னு சொல்லுவோம், அது ஒன்னு, ஒரு ஷெட்டு, ஏழெட்டு ஆளு. எங்களுக்கு சோறு போட்டது எடைக்கல்லு. 1956-ல சட்டம் போட்டு 1962-ல கிலோதான் கட்டாயம்னு ஆக்கிட்டாங்க இல்ல, அதுவரைக்கும் வீசை, பலம், சேருன்னு நிறுத்துகினு இருந்த மளிகைக்கடை, கறிக்கடை, மண்டி எல்லாருக்கும் ஒரே நேரத்துல புது கல்லு வேணும். தாத்தா வீடு கட்டினதே அந்த வருஷங்கள்லதான். 1989-ல பிரிக்கற வரைக்கும் திருவண்ணாமலையும் நம்ம வட ஆற்காடுதானே, ஆரணி போளூர்னு மண்டி மண்டியா எங்க கல்லு போவும். கல்லுல ஒரு குழி விட்டு வார்த்து அதுல ஈயத்தை ஊத்திதான் எடையை சரி பண்ணுவாங்க, சர்க்கார் முத்திரையும் அந்த ஈயத்து மேலதான் விழும். பழைய கல்லு கெடச்சா திருப்பி பாருங்க.

அப்பறம் கிணத்து ஜகடை, அடிபம்பு, கரி போடற இஸ்திரிப்பெட்டி.

தோசைக்கல்லுன்னாலே தாத்தாவுக்கு எரிச்சல். எடைக்கல் தடியான சாமான், இரும்பு கொஞ்சம் சூடு கொறஞ்சு வந்தாலும் போய் நெறஞ்சுக்கும். தோசைக்கல் மெல்லிசு, லேடில்ல, அதான் பெரிய கரண்டியில, எடுத்த உருக்கின இரும்பு நாலு எட்டு நடக்கறதுக்குள்ள ஆறிப்போச்சுன்னா ஓரம் வரைக்கும் ஓடாது, பிஞ்ச அப்பளம் மாதிரி வரும், அதை ஒடச்சு திரும்ப குப்போலாவுலதான் போடணும். உலையில எரிக்கற கோக்கு கரிக்கு குடுத்த காசு போச்சு. மணலும் அப்படித்தான், பாலாத்து மணலை அப்படியே அள்ளி இரும்பு ஊத்தற அச்சு, மோல்டு, கட்ட முடியாது, களி சேரணும், கரித்தூள் சேரணும், தண்ணி பதமா இருக்கணும். எங்க மோல்டர் பெருசு ஒருத்தர் மணலை கைப்பிடி எடுத்து இறுக்கி அமுக்குவாரு, விரிச்சா அஞ்சு விரல் தடமும் அப்படியே நிக்கணும், நடுவுல ஒடச்சா உதிராம ரெண்டா பிளக்கணும், அதுதான் அவரு மிஷினு. ஈரம் ஜாஸ்தியாச்சுன்னா ஆவி கட்டி கல்லு பூரா ஓட்டை. ஈரத்தரையில இரும்பு சிந்தினாலோ வெடிச்சு தெறிக்கும், ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல சூடு, அவரு கால்ல செருப்பு கூட இருக்காது. எங்க நைனா கணுக்கால்லயும் ஒரு காசு அளவு தழும்பு இருந்துச்சு, சின்னதுல அதை தொட்டு தொட்டு பாப்பேன். விளம்பரத்துல இந்த காலெல்லாம் வராது, வெள்ளை வேட்டி கட்டின தாத்தா சிரிப்பாரு.

பவுண்டரியை நான்ஸ்டிக் கொன்னுடுச்சுன்னு ஈஸியா சொல்லிடறாங்க. எங்களுக்கு ஒவ்வொன்னா போச்சு. மோட்டார் போட்டதும் ஜகடை போச்சு, கரண்ட் வந்து இஸ்திரிப்பெட்டிய எடுத்துகிச்சு, எலக்ட்ரானிக் தராசு வந்தப்ப எடைக்கல்லும் போச்சு. அதுக்கப்பறம் தோசைக்கல்லை மட்டும் வெச்சு குப்போலா பத்த வெச்சா கோக்கு காசு கூட வராது, நைனா ஒரு வருஷம் பண்ணிதான் பாத்தாரு, கடன்தான் மிச்சம். இப்ப பண்றவங்க நல்லா பண்ணட்டும், வெலையும் தப்பில்ல, வேலை தெரிஞ்சவன் கூலி அதுல போய் சேந்தா. சேருதான்னுதான் எனக்கு டவுட்டு.

இன்னொன்னு, பாட்டி காலம்னு சொல்றீங்களே. பவுண்டரிக்காரன் பொண்டாட்டி, எங்க பாட்டி, கடைசி வரைக்கும் தோசை சுட்டது சந்தையில வாங்கின தகட்டு இரும்பு கல்லுலதான். தாத்தா வார்த்த கல்லு கனம் ஜாஸ்தி, கை வலிக்குதுன்னுடும். அத்தைக்கு சீர் குடுக்க வார்த்ததுல ஒன்னு வண்டியில ஏத்தும்போதே கீழ விழுந்து ரெண்டா போச்சு, வார்ப்பிரும்பு வளையாது, ஒடையும். அதுல பாதி இன்னும் எங்க வீட்டு தண்ணித்தொட்டிக்கு அண்டை குடுத்துகினு கெடக்கு.