நீரில் மூழ்கியோர் கணக்கும் காவல் நிலையக் கணக்கும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் விபத்து மரணங்கள், தற்கொலைகள் குறித்து ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அதன்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்செயலாக நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38,000-க்கும் அதிகம், அதாவது நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல். இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று யோசித்தால், வருத்தப்படுவதைத் தவிர அதிகம் எதுவும் செய்ய முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அது உருவாகும் விதம் அப்படி.

ஒருவர் ஏரியிலோ கிணற்றிலோ இறந்து கிடந்தால், உறவினரோ கிராம நிர்வாக அலுவலரோ புகார் கொடுக்க, காவல்துறை இயற்கைக்கு மாறான மரணம் என்று வழக்குப் பதிகிறது. நெடுங்காலம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவின்கீழ் நடந்த இந்த வேலை, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 194-ஆவது பிரிவின்கீழ் நடக்கிறது. பிரிவு எண் மாறினாலும் விசாரணையின் கேள்வி மாறவில்லை: இதில் யார் மீதாவது சந்தேகம் உண்டா? இல்லை என்று உறுதியானால், உடற்கூறாய்வு அறிக்கையை இணைத்துக் கோப்பை மூடிவிடலாம். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருந்ததா, இறந்தவருக்கு நீச்சல் தெரியுமா, குழந்தை என்றால் அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஆற்றில் அந்த இடத்தில் மணல் அள்ளிய பள்ளம் இருந்ததா என்பவற்றை அந்தக் கோப்பு கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல காவலர் ஒருவர் இவற்றையெல்லாம் எழுதி வைத்திருந்தாலும், மாவட்டம், மாநிலம் கடந்து டெல்லிக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் மூன்றே கட்டங்களுக்குள் சுருங்கிவிடுகின்றன: படகு கவிழ்ந்தது, நீர்நிலையில் தவறி விழுந்தது, மற்றவை.

இரண்டாவது கட்டத்தில் யார் யார் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மொட்டைக் கிணற்றின் ஓரத்தில் மோட்டார் போடப் போய்க் கால் இடறிய விவசாயி, துணி துவைக்கும்போது வலிப்பு வந்தவர், கொல்லைப்புறத் தொட்டியில் தலைகீழாகக் கிடந்த ஒன்றரை வயதுக் குழந்தை, கல்குவாரிக் குட்டையில் சறுக்கிய சிறுவன். இவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வழி ஒவ்வொருவருக்கும் வேறு. வயதுப் பட்டியலும் கைகொடுப்பதில்லை, ஏனெனில் அதன் முதல் பிரிவே 14 வயதுக்குட்பட்டோர் என்றுதான் இருக்கிறது. தவழும் குழந்தையும், பள்ளி விட்டதும் நண்பர்களோடு குளிக்கப் போகும் 13 வயதுப் பையனும் ஒரே எண்ணாகிவிடுகிறார்கள். உலக அளவில் இந்த மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுடையது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் நாட்டு அட்டவணையில் அந்தக் குழந்தைகளைத் தனியாகப் பார்க்கவே வழியில்லை.

தமிழ்நாட்டிலேயே அடுத்தடுத்து நடந்த மூன்று துயரங்களை எடுத்துக்கொள்ளலாம். 2022 ஜூனில் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றின் தடுப்பணைப் பகுதியில் பெண்களும் சிறுமிகளுமாக ஏழு பேர், 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்காக வந்த இடத்தில் மாயனூர் காவிரியில் இறங்கிய பள்ளி மாணவியர் நால்வர், அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை மூவரசம்பட்டுக் கோயில் குளத்துத் தீர்த்தவாரியில் இளைஞர் ஐவர். முதலாவதில் தடுப்பணையைப் பராமரிப்பவர்களுக்கும், இரண்டாவதில் மாணவியரை வெளியூர் அழைத்துச் செல்லும் பள்ளிகளுக்கும், மூன்றாவதில் விழா நடத்துவோருக்கும் பாடம் இருக்கிறது. ஆண்டறிக்கையில் இந்த 16 பேரும் வேறுபாடின்றிக் கரைந்துவிட்டார்கள்.

விடுபடுவோர் தனி. வீட்டருகே குட்டையில் விழுந்து இறந்த கைக்குழந்தையை உடற்கூறாய்வுக்கு அனுப்பப் பெற்றோர் மனம் ஒப்புவதில்லை, ஊரும் வற்புறுத்துவதில்லை, அன்று மாலையே அடக்கம் முடிந்துவிடும். வீடு வீடாகச் சென்று மரணக் காரணங்களைக் கேட்டறிந்த தேசிய ஆய்வு ஒன்று, 2005-ஆம் ஆண்டில் எல்லா வயதினரையும் சேர்த்து நீரில் மூழ்கி இறந்தவர்கள் 70,000-க்கும் மேல் என்று மதிப்பிட்டது. அந்தக் காலத்துக் காவல்துறைக் கணக்கு 30,000-ஐக்கூட எட்டவில்லை.

மாநிலங்களை ஒப்பிடுவது இன்னும் ஆபத்தானது. கடற்கரையே இல்லாத மத்தியப் பிரதேசம் இந்தப் பட்டியலில் தொடர்ந்து முன்னணியில் நிற்பதைக் கண்டு வியப்பவர்கள், அங்கே நீரில் மூழ்கி இறந்தவரின் குடும்பத்துக்கு வருவாய்த்துறை 4 லட்சம் ரூபாய் வழங்கும் விதி இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிவாரணம் கிடைக்கும் இடத்தில் குடும்பம் காவல் நிலையத்துக்குப் போகும், உடற்கூறாய்வுக்கும் சம்மதிக்கும். நர்மதையும் பிற ஆறுகளும் குளங்களும் அங்கே ஏராளம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த முதலிடத்தில் ஒரு பகுதி ஒழுங்காகப் பதிவு செய்ததற்கான பரிசு என்றே நினைக்கிறேன். குறைந்த எண்ணைக் காட்டும் மாநிலம் பாதுகாப்பானது என்று மார்தட்டிக்கொள்ளும் முன் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

பன்னாட்டுக் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. 2021-இல் உலகில் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. வெள்ளத்திலும் படகு விபத்திலும் இறந்தவர்கள் நோய் வகைப்பாட்டில் வேறு குறியீடுகளுக்குள் போய்விடுவதால் இந்த மூன்று லட்சத்தில் அவர்கள் சேரவில்லை.

வங்கதேசத்தின் அனுபவம் இங்கே உதவும். 2003-இல் அங்கே நடந்த பெரிய வீட்டுவாரிக் கணக்கெடுப்பு, தடுப்பூசிகளால் நோய் மரணங்கள் குறைந்த பிறகு, ஒன்று முதல் நான்கு வயதுவரையிலான குழந்தைகளைக் கொல்வதில் வீட்டைச் சுற்றியுள்ள குளங்களே முன்னிற்பதைக் காட்டியது. தாய் சமையலிலும் வீட்டுவேலையிலும் மூழ்கியிருக்கும் காலை நேரமே மிக ஆபத்தானது என்பதும், குளம் வீட்டிலிருந்து சில அடிகளே தள்ளியிருந்தது என்பதும் தெரிய வந்தன. இடமும் நேரமும் தெரிந்ததால்தான் ‘ஆஞ்சல்’ என்ற கிராமக் குழந்தைக் காப்பகங்கள் அந்த நேரத்துக்கென்றே திறக்கப்பட்டன. 2022-இல் அந்நாட்டு அரசே 16 மாவட்டங்களில் 8,000 காப்பகங்களுக்கு ஒப்புதல் அளித்தது.

நம்மிடம் அங்கன்வாடிகள் முன்பே இருக்கின்றன. எந்த ஊரில், எந்த நேரத்தில், எந்த வயதில் குழந்தைகள் நீரில் விழுகிறார்கள் என்பது தெரிந்தால் அவற்றின் நேரத்தை மாற்றலாம். எந்தக் கிணறு, எந்தப் பள்ளம் என்று தெரிந்தால் ஊராட்சி சுவர் எழுப்பலாம். இதற்கு டெல்லியின் அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முதல் தகவல் அறிக்கையோடு அரைப் பக்கப் படிவம் ஒன்றை இணைத்து, நீர்நிலையின் வகை, சரியான வயது, நேரம், இறங்கிய காரணம், தடுப்பு இருந்ததா என்ற ஐந்தை மட்டும் நிரப்பச் சொல்லி, அதன் நகலைச் சுகாதாரத் துறைக்கும் ஊராட்சிக்கும் அனுப்புமாறு மாநில அரசு ஓர் ஆணை பிறப்பித்தால் போதும்.