எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்காதீர்கள்

நாங்கள் ஒரு சபையைத் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஆறு ஆண்டுகளில் என்னிடம் அதிகம் பேர் கேட்டது ஒரே கேள்வியைத்தான். "இப்போ எத்தனை பேர் வர்றாங்க பிரதர்?" உறவினர்கள் கேட்பார்கள், கூடப் படித்தவர்கள் கேட்பார்கள். மற்ற போதகர்களைச் சந்தித்தால் நலம் விசாரித்த கையோடு அதையும் கேட்டுவிடுவார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் புதிதாகச் சபை தொடங்கியிருக்கும் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. வாடகைக்கு எடுத்த ஒரு கூடம். விடியற்காலையில் எழுந்து போய் நாற்பது நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். வந்தவர்கள் மூன்று பேர். எங்கள் வீட்டு ஆட்கள் நான்கு பேரையும் சேர்த்தால் ஏழு. நாற்பது பேருக்கென்று ஆயத்தம் செய்த செய்தியை ஒரு வரி குறைக்காமல் பிரசங்கித்தேன். என் குரல் பின்சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. இரவு நாற்காலிகளை எல்லாம் மடக்கி வைத்துவிட்டு வந்த பிறகு மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அடுத்த வாரம் பன்னிரண்டு மட்டும் போடுவோம். ஆள் வந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்." எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. விசுவாசம் இல்லாமல் பேசுகிறாளே என்று நினைத்தேன். அவள் சொன்னதுதான் சரி என்று புரிய சில வாரங்கள் ஆயின. அந்த மூன்று பேரும் வீட்டுக்குப் போகும்போது என்ன மனநிலையில் போயிருப்பார்கள்? அவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட அன்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கண் முழுக்கக் காலி நாற்காலிகள் மேலேயே இருந்தது.

வார நாட்களில் வேறு வேலைக்குப் போகிறேன். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து நகரத்தில் சபையைத் தொடங்கியபோது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு தங்கிக் கூடாரம் செய்கிற தொழில் செய்தார். அங்கே ஒன்றரை ஆண்டு இருந்ததாக வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 18-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதே பவுல் பின்னால் அந்தச் சபைக்கு எழுதும்போது தான் பட்ட பாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். அடிகள், கல்லெறி, மூன்று முறை கப்பற்சேதம், பசி, குளிர். அதெல்லாம் போக, சபைகளைப் பற்றிய கவலை தன்னைத் தினமும் நெருக்குகிறது என்கிறார். வாலிபனாக அதை வாசித்தபோது, கப்பற்சேதத்துக்குப் பக்கத்தில் வைக்க இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றியது. இப்போது அந்த இடம் வரும்போது கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே வாசிக்கிறேன்.

அந்தக் கவலை பெரும்பாலும் சனிக்கிழமை இரவில் வரும். எங்களோடு மூன்றாம் வாரத்திலிருந்து இருந்த ஒரு குடும்பம். பாட்டை நடத்தினார்கள், பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி எடுத்தார்கள், என் தகப்பனார் இறந்தபோது கூடவே நின்றார்கள். ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. "பாஸ்டர், கர்த்தர் எங்களை வேறு சபைக்கு நடத்துகிறார். எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்." சண்டை இல்லை, குறை சொல்லவும் இல்லை. சண்டை என்றாலாவது போய்ப் பேசலாம். கர்த்தர் நடத்துகிறார் என்றால் என்ன பதில் எழுதுவது? ஜெபிக்கிறேன் என்று எழுதிவிட்டு மறுநாள் செய்திக்கான தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அவர்களுடைய மகள்தான் சபையில் என் மகளுக்கு இருந்த ஒரே தோழி. மறுநாள் ஆராதனை முடியும்வரை அவள் பக்கத்து நாற்காலியில் தன் பைபிளை வைத்து இடம் பிடித்திருந்தாள். அந்த மாதம் ஒருவர் என்னிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பதிலில் நான்கு குறைந்தது, அவ்வளவுதான்.

அப்புறம், கதவோரம் உட்காரும் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினொரு மாதம் வந்தார். தாமதமாக வருவார், கடைசி ஜெபத்தில் எல்லோரும் கண்ணைத் திறப்பதற்குள் போய்விடுவார். பெயரைத் தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதற்கு மேல் நானும் நெருக்கவில்லை. ஒரு ஞாயிறு காலை கூடத்தைத் திறக்கப் போனால் எனக்கு முன்னால் வந்து வாசலில் நிற்கிறார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே வந்து நாற்காலிகளை எடுத்துப் போட ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் கைத்துண்டால் துடைத்துப் போட்டார். எல்லாம் முடிந்த பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேத்து என் பையன்கிட்ட பேசினேன் பாஸ்டர். ஒன்பது வருஷம் ஆச்சு." அன்று ஆரம்ப ஜெபத்தை என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. எண்ணிக்கையில் பார்த்தால் அந்த மனிதர் முதல் மாதமும் 1, பன்னிரண்டாம் மாதமும் 1.

வேதத்திலேயே எண்ணிக்கை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. மூவாயிரம், ஐயாயிரம் என்று நடபடிகளில் லூக்கா சந்தோஷமாகவே எழுதுகிறார். வருடக்கணக்கில் ஒரு புதிய முகமும் வராத சபை தன்னையே கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். இவள் எனக்கு உதவினாள், இவர் என்னோடு சிறையில் இருந்தார், ரூபுவின் தாய் எனக்கும் தாய் என்று பலரைப் பற்றியும் ஒரு விவரம் சொல்கிறார். ஒரு மேய்ப்பனுடைய கணக்கு அப்படித்தான் இருக்க முடியும் என்று நம்புகிறேன்.

இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரி 1793-இல் வங்காளத்துக்கு வந்தார். கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். ஏழு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு முதல் வங்காள விசுவாசி. பொறுமைக்கு உதாரணமாக இதைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். அந்த ஏழு ஆண்டுகளுக்குள் 1794-இல் அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். மனைவி டாரதியின் மனம் கலங்கியது. 1807-இல் சாகும்வரை அவர் தேறவில்லை. இதை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கேரியிடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கடிதத்தில் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். டாரதியைப் பற்றி எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? என் மனைவியிடமும் ஆறு ஆண்டுகளில் "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் நானும் வெகுகாலம் சேர்த்தி இல்லை என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது.

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். சபை தொடங்கி நான்கு மாதம். எடுத்த எடுப்பிலேயே, "அண்ணா, இப்போதைக்கு ஒன்பது பேர்தான்..." என்று ஆரம்பித்தார். நான் கேட்கவே இல்லை, அவராகவே சொல்கிறார். அந்த ஒன்பது பேரின் பெயரைச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். சொன்னார். ஒவ்வொருவரைப் பற்றியும் ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தார், போகப் போகக் குரலில் தெம்பு வந்தது. பிறகு, "வீட்டில் தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒரு நிமிஷம் அண்ணா, மாடிக்கு வந்துடறேன்" என்றார். படியேறும் சத்தம் கேட்டது. அன்று நாங்கள் பேசி முடிக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.