வண்டிக்கு ஜிபிஎஸ் வாங்கப் போகிறீர்களா? திரையை அப்புறம் பாருங்கள்

போன மாதம் என் பழைய காரில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டினேன். பெரிய திரை, பளிச்சென்று மேப். ஆனால் பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் ஏறினால், நான் ரோட்டில் போவேன், அம்புக்குறி பக்கத்து ஏரியில் நீந்தும். மேப்தான் தப்பு என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால், தீப்பெட்டி அளவு கறுப்பு ஆன்டெனா ஒன்று ஸ்டீரியோவுக்குப் பின்னால், இரும்புத் தகட்டுக்கு அடியில் குப்புறக் கிடக்கிறது. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தேய்ந்து வருகிற சிக்னல் அது. அதற்குத் தேவை திறந்த வானம். குறைந்தது நான்கு செயற்கைக்கோள் தெரிந்தால்தான் இடத்தைச் சரியாகக் கணக்கிட முடியும். எடுத்து, முன்கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டு மூலையில் முகம் மேலே பார்க்க ஒட்டினேன். அம்புக்குறி கரையேறிவிட்டது.

பலருக்குத் தனி ரிசீவரே தேவையில்லை, போன் போதும் என்பது என் கட்சி. ஆனால் போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோமே, செயற்கைக்கோள் சிக்னல் வரும் எல்1 அலைவரிசையுடன் எல்5 அலைவரிசையையும் வாங்குமா என்றும் கேளுங்கள். எல்5 சிக்னலில் வருகிற குறியீடு எல்1-ஐவிடப் பத்து மடங்கு வேகமானது. நேராக வந்த சிக்னல் எது, கட்டடத்தில் பட்டுத் திரும்பியது எது என்று பிரித்தறிய அதில் சுலபம். அண்ணா சாலை மாதிரி இடங்களில் இது கைகொடுக்கும். ஜிபிஎஸ் மாதிரி இந்தியாவே நடத்தும் நம் நாவிக்கும் எல்5-ல் வருகிறது. 2023-ல் ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோளிலிருந்துதான் எல்1-லும் சேர்த்தார்கள்.

இன்னொன்று. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது டவர் போனதும் "ஜிபிஎஸ் போச்சு" என்று பதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜிபிஎஸ்ஸுக்கு சிம்மே வேண்டாம். போனது மேப். வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் ஒரு கவலையும் இல்லை. நெட் இல்லாமல் போனை ஆன் செய்தால் இடம் பிடிக்க அரை நிமிடமோ கூடுதலோ ஆகும். அதற்குள் கெட்ட வார்த்தை வேண்டாம்.

சரி, ஆன்டெனாவை ஏன் உள்ளே ஒளித்து வைத்தீர்கள் என்று மாட்டிய பையனிடம் கேட்டேன். "வயர் வெளிய தெரிஞ்சா கஸ்டமருக்குப் பிடிக்காது சார்" என்றான்.