பெருமைக்காக நீக்கப்படும் பக்கங்கள்

வரலாற்றுப் பாடத்தில் நாட்டுப்பற்றே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சொந்த மண்ணின் கதையைப் பிள்ளைகள் பெருமையோடு படிப்பதில் ஒரு தப்பும் இல்லை. என் கோபம் வேறு. பெருமைக்கு இடைஞ்சலான பக்கங்களைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறார்களே, அதன் மேல்தான். பொய் எழுதினால் என்றைக்காவது யாராவது பிடித்துவிடுவார்கள். எழுதாமலே விட்டதைப் பதிமூன்று வயதுப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஜப்பானின் இயெனாகா சபுரோவைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாட்டில் பாடநூலை யார் எழுதினாலும் கல்வி அமைச்சகம் பார்த்து அனுமதித்தால்தான் வகுப்புக்குள் போகும். வரலாற்றாசிரியரான இவருடைய நூலை 1960களின் தொடக்கத்தில் முதலில் நிராகரித்தார்கள். பிறகு ஏராளமான திருத்தங்கள் கேட்டார்கள். ஆட்சேபம் வந்தவற்றில் அணுகுண்டால் அழிந்த நகரத்தின் படமும், போரில் ஊனமுற்ற வீரரின் படமும் உண்டு. போர்ப் பகுதி மொத்தத்தில் மிக இருண்டதாக இருக்கிறது என்பது அமைச்சகம் சொன்ன காரணம். இத்தனைக்கும் அந்தப் படங்களில் இருந்தவர்கள் எதிரிகள்கூட இல்லை, அவர்களுடைய சொந்த மக்கள். சொந்த மக்கள் பட்ட பாட்டையே மறைத்துத்தான் பெருமையை வளர்க்க வேண்டும் என்றால் அது யாருக்கான பெருமை?

இயெனாகா 1965இல் அரசின் மேல் வழக்குப் போட்டார். அப்புறம் இன்னும் இரண்டு வழக்குகள். கடைசித் தீர்ப்பு வந்தது 1997இல். சீனாவில் உயிரோடிருந்த மனிதர்கள் மேல் கிருமிச் சோதனை நடத்திய ஜப்பான் ராணுவத்தின் 731ஆம் படைப்பிரிவைப் பற்றி அவர் எழுதியதை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அனுமதி முறையே அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்ற அவருடைய அடிப்படை வாதத்தை ஏற்கவில்லை. போர்க்காலத்தில் ஆசிரியராக இருந்தும் எதிர்த்து நிற்காமல் போனோமே என்ற வருத்தம்தான் அவரை 32 ஆண்டுகள் நீதிமன்றத்தில் நிற்க வைத்தது. அந்த மனிதரை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

சரி, அடுத்தவரைச் சொல்வது சுலபம். நம் பெருமைக்கு வருவோம். ராஜேந்திர சோழன் ஈழத்தை வென்றதையும், பாண்டியர் அங்கே அடைக்கலமாக வைத்திருந்த மணிமுடியைக் கைப்பற்றியதையும் அவனது மெய்க்கீர்த்தி பாடுகிறது. அதே படையெடுப்பை இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சமும் சொல்கிறது. அங்கே சோழர்கள் விகாரைகளை உடைத்துப் பொற்சிலைகளை அள்ளிப் போனவர்கள். சிறைபிடிக்கப்பட்ட இலங்கை மன்னன் ஐந்தாம் மகிந்தன் சோழநாட்டிலேயே செத்துப்போகிறான். மெய்க்கீர்த்தி அரசனின் புகழைப் பாட எழுந்தது, சூளவம்சம் பிக்குகள் எழுதியது. இரண்டுமே ஒரு பக்கம் சாய்ந்தவைதான். அதனால்தான் இரண்டையும் ஒரே பக்கத்தில் அருகருகே அச்சிட வேண்டும் என்கிறேன். இவர் ஏன் இப்படிச் சொல்கிறார், அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று பிள்ளை கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் வரலாறு தொடங்குகிறது. கடாரம் வரை கப்பல் விட்ட பெருமை இதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இதற்கு நேர் எதிரான வேலைதான் மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி.யின் நூல்களில் நடந்தது. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி 12ஆம் வகுப்பு வரலாற்றில் முகலாய அரசவைகள் பற்றிய அத்தியாயத்தை எடுத்தார்கள். அரசியல் அறிவியல் நூலில், காந்தி கொலைக்குப் பிறகு ஆர்.எஸ்.எஸ். போன்ற அமைப்புகள் சில காலம் தடைசெய்யப்பட்டதைச் சொன்ன வரியும் 2023இல் வந்த பதிப்பில் இல்லை. ஒரு வரியில் என்ன சுமை இறங்கிவிடும்?

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு ஐரோப்பாவில் சாட்சி இருக்கிறது. 1870, 1914, 1939 என்று தலைமுறைக்கு ஒரு போர் நடத்திய பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து ஒரு பாடநூல் எழுதின. முதல் தொகுதி 2006இல் வந்தது. இரு மொழிகளிலும் ஒரே உள்ளடக்கம். இதைக் கேட்டவர்கள் அரசியல்வாதிகள் அல்ல, 2003இல் கூடிய இரு நாட்டு இளைஞர் நாடாளுமன்றத்து மாணவர்கள். உண்மையைத் தாங்கும் தெம்பு பிள்ளைகளுக்கு இருக்கிறது. பெரியவர்களுக்குத்தான் பயம்.

பாடநூலை மாற்றுவது நம் கையில் இல்லை என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயமே. ஆனால் வினாத்தாளில் கொஞ்சமாவது இடம் இருக்குமே. ‘இந்த மன்னரின் வெற்றிகளை விவரி’ என்ற கேள்விக்குக் கீழே, ‘தோற்ற நாட்டில் இதே போரை எப்படி எழுதியிருப்பார்கள்?’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி சேர்த்துப் பாருங்கள்.