டேப்லெட் கட்டாயமா? இல்லைங்க

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒன்று சுற்றுகிறது: மலேசியக் கல்வி அமைச்சின் டிஜிட்டல் கல்விக் கொள்கை வந்துவிட்டதாம், தமிழ்ப்பள்ளியில் இனி அச்சுப் பாடநூல் கிடையாதாம், டேப்லெட் வாங்கியே தீர வேண்டுமாம். தவறு. 2023-இல் வந்த அந்தக் கொள்கை பேசுவது மாணவர், ஆசிரியரின் டிஜிட்டல் திறன், பள்ளியின் இணையம், கருவிகள், தரமான மின்பாடங்கள் பற்றி. பாடநூலை ஒழிப்பது பற்றி அல்ல. பாடநூல் கடனுதவித் திட்டத்தில் 2008 முதல் பெற்றோர் வருமானம் பார்க்காமலே புத்தகம் தருகிறார்கள், ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுக்கிறோமே, அதேதான். அப்புறம் டெலிமா. அது கல்வி அமைச்சு 2020-இல் தொடங்கிய இணையக் கற்றல் தளம், பள்ளி தரும் ஐடிக்குக் காசில்லை, உள்ளே போனால் கூகுள் கிளாஸ்ரூம், கூடவே பாடநூல்களின் மின்வடிவம், அப்பாவின் கைப்பேசியிலேயே திறக்கலாம். இதைப் பார்த்துத்தான் யாரோ கிளப்பிவிட்டிருப்பார்கள் போல. ‘அமைச்சு சொன்ன மாடல்’ என்று யாராவது விற்க வந்தால், முதலில் தலைமையாசிரியரிடம் சுற்றறிக்கையைக் கேளுங்கள்.