இயற்கை விவசாயமா இலங்கையைத் திவாலாக்கியது?

'இயற்கை விவசாயத்துக்கு மாறியதால்தான் இலங்கை திவாலானது' என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

முதலில் தேதிகளைப் பாருங்கள். ரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது 2021 மே மாதம். அதற்கு முன்பே கஜானா காலியாகத் தொடங்கிவிட்டது. 2019 இறுதியில் சுமார் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2020 இறுதியில் 570 கோடிக்கு இறங்கியிருந்தது. ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொரோனாவும் சுற்றுலாவை முடக்கின. மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தது அரசே செய்துகொண்ட காயம். உர இறக்குமதியை நிறுத்தினால் டாலர் மிச்சமாகும் என்ற கணக்கும் அந்தத் தடைக்குப் பின்னால் இருந்தது.

சரி, தடையால் பாதிப்பே இல்லையா? இருந்தது, பலமாகவே. அடுத்த பெரும்போகத்தில், அதாவது முக்கிய நெல் பருவத்தில், நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. அதே அளவுக்குக் கம்போஸ்ட் போட வேண்டுமென்றால் ஒரு டன்னுக்கு மேல் தேவை. அவ்வளவு எருவுக்கு ஒரே போகத்தில் எங்கே போவது? பயிர் தூர் கட்டும் நேரத்தில் தழைச்சத்து கிடைக்காவிட்டால் இலை வெளிறிவிடும், அப்புறம் எதைப் போட்டாலும் இழந்த விளைச்சல் முழுதாகத் திரும்பாது.

இன்னொன்று: தடையைக் கொண்டுவந்த அதிபர் கோத்தபய ராஜபக்ச 2019 தேர்தலில் சொன்னது, பத்தாண்டில் இயற்கை விவசாயத்துக்கு மாறுவது. நடந்தது ஒரே இரவில். 2021 நவம்பரிலேயே தடையைத் தளர்த்தவும் வேண்டியதாயிற்று.