படகு யாருடையது?

2025 நவம்பர் டித்வா புயல் நாட்களில் எல்லாருடைய கைபேசியிலும் ஓடின காட்சி, கலா ஓயா ஆற்று வெள்ளத்தில் தாண்டுபோன அந்த பஸ். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போனது. அறுபதுக்கு மேற்பட்ட சனம், வெள்ளத்துக்கு நடுவே ஒரு கூரையில் ஏறி விடிய விடியக் காத்திருந்து, கடைசியில் கடற்படைப் படகில் கரைக்கு வந்தது. வீடியோவுக்குக் கீழே சிங்களத்திலும் தமிழிலும், படையினர் வடக்கை விட்டுப் போகட்டும் என்கிற எங்களைப் பார்த்து ஒரே கேள்விதான்: "இப்ப என்ன சொல்லப் போறீங்கள்?"

சொல்ல இருக்கிறது. ஆனால் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்வோம். அந்த நாட்களில் படையினர் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். லுணுவிலவில் நிவாரணப் பணிக்குப் போன பெல் 212 ஹெலி விழுந்து விமானி இறந்தார். சுண்டிக்குளத்தில் முகத்துவாரத்தை அகட்டிவிடப் போன கடற்படையினர் ஐந்து பேரை வெள்ளம் கொண்டுபோனது. முகத்துவாரத்தை வெட்டிவிடாவிட்டால் தண்ணீர் கடலுக்குப் போகாமல் ஊருக்குள்ளேயே ஏறும் என்பது அந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வெள்ளத்தில் போன அந்த ஐந்து பேருக்கும் தாய் தகப்பன் இருக்கிறார்கள். இதைச் சொல்லக் கூச்சப்படும் ஆட்களோடு எனக்குப் பேச ஒன்றுமில்லை.

என் பிரச்சினை மூன்றாம் நாளுக்குப் பிறகு தொடங்குகிறது. வெள்ளம் வடிகிறது, படகின் தேவை முடிகிறது, சீருடை மட்டும் போகவில்லை. உலருணவுப் பொதி கொடுக்கும் இடத்தில் பின்னால் ஒரு பதாகை, முன்னால் ஒரு கமரா. பெயர், அடையாள அட்டை இலக்கம், வீட்டில் எத்தனை பேர், வெளிநாட்டில் யார் இருக்கினம் என்று கேட்டு எழுதுகிற ஒருவர். கிராம சேவகர் அதே பட்டியலை முதல் நாளே எடுத்திருப்பார். பிறகு இது எதற்கு? ஒருமுறை எங்கள் ஊரில் இதைக் கேட்டதற்கு, "சும்மா ஒரு பதிவுக்கு" என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அரிசிப் பொதியை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னது: "சும்மா எடுத்த பதிவு எங்களிட்ட எக்கச்சக்கம் கிடக்கு தம்பி."

பெரியம்மா சொன்னது போர் முடிந்த 2009-ஐ. வவுனியாவின் மெனிக் பாம் முகாம். இரண்டு இலட்சத்துக்கும் மேலான சனத்தை முட்கம்பிக்குள் வைத்து, சோறும் தண்ணீரும் கொடுத்து, வெளியே போகவிடாமல் காத்தது இராணுவம். அதுவும் அரச கணக்கில் நிவாரணம்தான். 2012 செப்டெம்பரில் முகாமை மூடியபோது கேப்பாப்பிலவுச் சனம் கடைசி பஸ்களில் ஏறியது. அவர்களைச் சொந்தக் காணிக்குக் கொண்டுபோகவில்லை. அங்கே முல்லைத்தீவுப் படைத் தலைமையகம் இருந்தது. சீனியாமோட்டையில் காட்டை வெட்டின இடத்தில் இறக்கிவிட்டார்கள். பிறகு 2017-இல் முகாம் வாசலில் உட்கார்ந்து போராடித்தான் ஒரு பகுதிக் காணி திரும்பியது. உன் வளவில் முகாம் போட்டிருப்பவன் வெள்ளத்துக்கு உனக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு வந்தால் நீ என்ன செய்வாய்? வாங்குவாய். பிள்ளைக்குப் பசிக்கும். போட்டோவுக்கும் நிற்பாய். இந்த இரண்டையும் வைத்து "வடக்கு மக்கள் படையினரை நேசிக்கிறார்கள்" என்று இரவுச் செய்தியில் சொல்வார்கள்.

இதைத் தமிழனின் பழைய கோபம் என்று ஒதுக்குகிற சிங்கள நண்பர்களுக்கு கம்பஹாவில் வெலிவேரியாவை அடுத்த ரத்துபஸ்வலவை நினைவூட்ட வேண்டும். 2013 ஓகஸ்ட் முதலாம் திகதி வெலிவேரியாவில் தங்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போகிறது, நல்ல தண்ணீர் வேண்டும் என்று ரோட்டுக்கு வந்தது சிங்களச் சனம். போரில் வென்ற அதே இராணுவத்தை அனுப்பினார்கள். மூன்று பேர் செத்தார்கள். தண்ணீர்ப் பிரச்சினைக்குத் துவக்கோடு ஆள் அனுப்புகிற பழக்கம் வன்னியில் தொடங்கி கம்பஹா வரைக்கும் போய்விட்டது என்பதுதான் அன்று தெரிந்தது.

சிப்பாயின் மனதில் என்ன இருக்கிறது என்பது என் கேள்வியே இல்லை. பெரும்பாலும் அவன் பொலன்னறுவையிலோ மொனராகலையிலோ ஒரு விவசாயியின் மகன், இடுப்பளவு தண்ணீரில் கிழவியைத் தூக்கும்போது தன் அம்மம்மாவைத்தான் நினைப்பான். நான் பார்ப்பது கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதை. 2005-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் சுனாமிக்குப் பிறகு வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதன் பிள்ளை. அந்த நிலையம் பிறகு பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ் போனது, ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல்கள் அதன் தலைமைக் கதிரைக்கு வந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவைத் தடுக்கும் தேசியச் செயற்பாட்டு மையத்தின் தலைவர் யார்? சுகாதாரப் பணிப்பாளர் நாயகம் இல்லை, இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. இறுதிப் போரில் 58-ஆவது படைப்பிரிவை நடத்தியவர். அந்த நியமனத்துக்கு ஒரு மாதம் முன்புதான் அமெரிக்கா அவரைத் தன் நாட்டுக்குள் வர முடியாதவர் பட்டியலில் சேர்த்தது. கையைக் கழுவு, வீட்டில் இரு என்பது நல்ல அறிவுரை. இறுதிப் போர் நடந்த புதுமாத்தளனில் இருந்து தப்பி வந்த ஒருத்தி அதை அந்த வாயிலிருந்து கேட்க வேண்டி வந்ததுதான் இந்த நாட்டின் ஏற்பாடு.

"சரி, வேறு யாரிடம் ஹெலி இருக்கு? வேறு யாரிடம் படகு இருக்கு?" நியாயமான கேள்வி. அதைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்: ஏன் வேறு யாரிடமும் இல்லை? எங்கள் பிரதேச சபைகளின் சொத்து ஒரு உழவு இயந்திரம், ஒரு பவுசர், அதிலும் ஒன்று ரிப்பேர். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. அதே ஆண்டு டிசெம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தாண்டபோது பொறுப்புச் சொல்ல ஒரு முதலமைச்சர்கூட இல்லை. வருடா வருடம் வரவு செலவுத் திட்டத்தில் பெரிய பங்கைப் பாதுகாப்புக்குக் கொடுத்து, படகை எல்லாம் ஒரே கையில் குவித்துவிட்டு, வெள்ளத்தன்று "பார், அவர்கள் மட்டும்தானே வந்தார்கள்" என்பது கெட்டித்தனமான கணக்கு.

மலையகத்தில் இன்னும் மோசம். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் லயன்கள் புதைந்தபோது தோண்ட இராணுவம் வந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. பிணம் தோண்ட ஆள் இருந்தது. அவர்கள் உயிரோடு இருந்தபோது வேறிடத்தில் காணியும் வீடும் கொடுக்கத்தான் ஆள் இருக்கவில்லை. டித்வாவிலும் மலைநாட்டு லயன்களில் மண் சரிந்தது. மீட்புப் படம் எடுக்க முடியும், குடியேற்றப் படம் எடுக்க ஏதாவது நடந்திருக்க வேண்டுமே.

மற்ற இடங்களில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். இந்தியா 2006-இல் தேசிய பேரிடர் மீட்புப் படையைத் தொடங்கியது. துணை இராணுவத்திலிருந்து எடுத்த ஆட்கள்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் செம்மஞ்சள் உடை, மீட்பு ஒன்றே வேலை, கையில் துவக்கு இல்லை. காஷ்மீரியோ மணிப்பூர்க்காரரோ அவர்களை எப்படிப் பார்க்கிறார் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும், நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. 2018 கேரள வெள்ளத்தில் கொல்லத்திலும் திருவனந்தபுரத்திலும் இருந்து மீனவர்கள் படகை லொறியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குள் போனார்கள். அறுநூறுக்கு மேற்பட்ட படகுகள், பல்லாயிரம் உயிர்கள். 2015-இல் சென்னையிலும் மீனவர்கள் குப்பங்களிலிருந்து படகோடு வந்தார்கள். முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் மன்னாரிலும் கடற்றொழிலாளர் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பைபர் படகு இருக்கிறது, நீரோட்டம் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு முன்கூட்டியே எழுதின ஒப்பந்தம், மண்ணெண்ணெய்க்கு முற்பணம், காப்புறுதி, ஏற்றிப் போக லொறி. இவ்வளவுக்கும் ஒரு ஹெலியின் உதிரிப்பாகச் செலவுகூட வராது.

ஹெலி வேண்டாம் என்று சொல்லவில்லை. மலை சரிந்து ரோட்டு அறுந்த இடத்துக்குப் படகு போகாது. விமானப் படை வரத்தான் வேண்டும். மாவட்டச் செயலாளர் எழுத்தில் கேட்டால் வரட்டும், கேட்ட வேலையை முடித்துவிட்டு முகாமுக்குத் திரும்பட்டும். பொதி பங்கிடுவது கிராம சேவகரும் சங்கமும் செய்யட்டும். பட்டியல் பிரதேச செயலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அவசரகாலச் சட்டம் போட்டால் எந்தத் திகதியில் எடுப்பார்கள் என்பதும் அதே வர்த்தமானியில் இருக்க வேண்டும். எங்களுக்கு "தற்காலிகம்" என்று சொல்லி வந்தவை பல தசாப்தம் நின்றவை.

இப்போது ஆட்சியில் இருக்கும், ஜே.வி.பி. தலைமையிலான தேசிய மக்கள் சக்திக்கு ஒரு குறிப்பு. 2005 ஜூனில் சுனாமி உதவியை வடக்கு கிழக்கில் சேர்ந்து பங்கிட அரசும் புலிகளும் ஒரு பொதுக் கட்டமைப்பில் கையெழுத்து வைக்கப் போனபோது, அதை எதிர்த்து அரசை விட்டு வெளியேறியது உங்கள் ஜே.வி.பி. வழக்குப் போட்டு, ஜூலையில் அதன் முக்கிய பகுதிகளுக்கு உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையும் வாங்கினீர்கள். நிவாரணத்தை அந்த ஊர்ச் சனத்தின் கைக்குக் கொடுப்பது அன்று உங்களுக்கு நாட்டைப் பிரிப்பதாகத் தெரிந்தது. இப்போது பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டுக்கு மேல் வைத்திருக்கிறீர்கள், யாழ்ப்பாணமும் வாக்களித்தது. மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி குறியுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து வெளியே எடுங்கள். ஒக்டோபரில் வாடைக்காற்றோடு மழை தொடங்கும். அதற்குள் இதில் எது நடக்கிறது என்று வன்னியில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.